பழைய மஸில் காருக்குப் புதிய சக்கரம் தேர்தல்

ஒரு பொருளின் அழகு அதன் தொழிலுக்கு இடையூறு செய்யாதிருத்தல் வேண்டும். தொழிலுக்குத் துணையும் செய்யுமாயின் அவ்வழகு இரட்டிப்பாகும். இதனை விளக்குதற்கு மோட்டார் காரின் சக்கரத்தினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. காரைக் காண்பவர் கண் முதலிற் சென்று பற்றுவது சக்கரத்தை. காரில் ஏறிச் செல்பவர் உயிர் தங்கியிருப்பதும் அச்சக்கரத்தின் மீதே. ஒரே பொருள் அணிகலனாகவும் ஆதாரமாகவும் நிற்றலின், அதனைத் தேருமிடத்து அறிவும் ஆசையும் ஒன்றோடொன்று போரிடுதல் இயல்பு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1960ஆம் ஆண்டுகளிலும் 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலும் செய்யப்பெற்ற மஸில் கார்களை இன்றும் போற்றிப் பாதுகாப்போர் பலர் உளர். அவர்கள் தம் கார்களுக்கு, கார் செய்த கம்பெனியாரல்லாத பிற தொழிற்சாலையார் செய்து விற்கும் உயர்ந்த விலையுள்ள சக்கரங்களை வாங்கிப் பூட்டுவது வழக்கம். அங்ஙனம் வாங்குவோர் எவ்வெவற்றை நோக்கித் தேர்தல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். இயற்பியலும் கணிதமும் பயிலும் மாணவர்க்கு, வகுப்பறையிற் கற்ற விதிகள் தெருவில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை அறிதற்கும் இவ்வாராய்ச்சி துணைசெய்யும்.

1. மஸில் கார் என்பது யாது?

மஸில் என்னும் ஆங்கிலச் சொல் தசையைக் குறிக்கும். நடுத்தர அளவுள்ள உடலில் பெரிய காருக்குரிய வலிய எஞ்சினை அமைத்துச் செய்த கார் என்பதே இப்பெயரின் கருத்து. 1964ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ. என்னும் காரை இவ்வகையின் முன்னோடியாகப் பலரும் கொள்வர். அக்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார், நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சினை அமைத்தலாகாது என ஒரு விதி வகுத்திருந்தனர். பான்டியாக் பிரிவினரோ, 389 கன அங்குல எஞ்சினை, வாங்குவோர் விரும்பிக் கேட்டால் மட்டும் கொடுக்கப்படும் தனிப்பொருள் என்ற பெயரால் லெமான்ஸ் என்னும் நடுத்தரக் காரில் அமைத்து, அவ்விதியைச் சாமர்த்தியமாகக் கடந்தனர். அவ்வெஞ்சினின் ஆற்றல் 325 குதிரைத்திறன் எனக் கூறப்பெற்றது. அதனைக் கண்டு பிறரும் அவ்வழியே சென்றனர். ஷெவ்ரலே கம்பெனியாரின் ஷெவல், கமாரோ, பிளிமத் ரோட் ரன்னர், டாட்ஜ் சார்ஜர், ஃபோர்டு மஸ்டாங் ஆகியவற்றின் வலிய வகைகள் ஆகிய யாவும் இக்குலத்தனவாக இன்று எண்ணப்படுகின்றன. 1970ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தூய காற்றுச் சட்டமும், ஏறிவந்த இன்ஷூரன்ஸ் கட்டணமும், 1973ஆம் ஆண்டில் நேர்ந்த எண்ணெய்த் தட்டுப்பாடும் கூடி இக்கார்களின் பொற்காலத்தை முடித்துவைத்தன.

இக்கார்களைப் பற்றி நாம் மறவாது கருதவேண்டியதொன்றுண்டு. எஞ்சின் வளர்ந்த அளவிற்குக் காரின் ஏனைய உறுப்புகள் வளரவில்லை. ஜி.டி.ஓ. வந்த காலத்தில் அதன் சக்கரங்கள் 14 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமுமே உடையன. பிரேக்குகளோ நான்கு சக்கரங்களிலும் 9½ அங்குல டிரம்மு வகையின. முந்நூற்றுக்கு மேற்பட்ட குதிரைத்திறனைத் தரையிற் சேர்க்கவும், ஓடுங்காரை நிறுத்தவும் இவை போதியவல்ல. ஆதலின், நல்ல சக்கரம் தேடுதல் வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கத்தக்கதன்று. குறையொன்று உண்மையில் இருந்தது. அதனை நிரப்பும் முயற்சியிலேயே சக்கரத் தொழில் வளர்ந்தது.

2. சக்கரங்களின் மரபு

இவ்வகைச் சக்கரங்களைப் பொதுமக்கள் இன்றும் 'மாக்' என்றே வழங்குவர். இஃது மக்னீஷியம் என்னும் உலோகப் பெயரின் குறுக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ஹாலிபிராண்ட் என்பார் வார்த்த மக்னீஷியச் சக்கரங்கள் இண்டியனாபொலிஸ் முதலிய பந்தயக் களங்களிற் பெரும்புகழ் பெற்றன. ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை ஏறக்குறைய 7.85 கிராம், அலுமினியத்தின் எடை 2.7 கிராம், மக்னீஷியத்தின் எடையோ 1.74 கிராமே. பந்தயக்காரர் அதனை விரும்பியதில் வியப்பில்லை. ஆயினும் மக்னீஷியம் ஈரத்தாலும் உப்பாலும் விரைவில் அரிக்கப்படும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகள் அதில் தோன்றுதல் கூடும். ஆதலின் பழைய மக்னீஷியச் சக்கரங்கள் கிடைப்பின் அவற்றைக் காட்சிப் பொருளாக வைத்தல் நன்று. தக்க வல்லுநர் சோதித்துச் சான்று கூறாதவரை அவற்றைப் பூட்டிச் சாலையில் ஓட்டுதல் தகாது.

1956ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தோன்றிய அமெரிக்கன் ரேசிங் என்னும் கம்பெனியார் செய்த டார்க் திரஸ்ட் என்னும் ஐந்து ஆரச் சக்கரம் இம்மரபின் தலைசிறந்த வடிவமாகக் கருதப்படுகிறது. 1968ஆம் ஆண்டில் வெளிவந்த 'புல்லிட்' என்னும் திரைப்படத்தில் ஸ்டீவ் மக்குவீன் ஓட்டிய பச்சை நிற மஸ்டாங் காரில் இவ்வகைச் சக்கரங்களே பூட்டப்பட்டிருந்தன. 1964ஆம் ஆண்டில் வந்த கிராகர் எஸ்.எஸ். என்னும் சக்கரம், அலுமினிய நடுப்பகுதியும் எஃகு விளிம்பும் கொண்டு, குரோமியப் பூச்சால் கண்ணாடிபோல் விளங்கியது. லான்சிங் நகரத்து மோட்டார் வீல் கம்பெனியார் எஃகினாற் செய்த மாக்னம் 500 என்னும் சக்கரத்தையோ, கார்க் கம்பெனியார் தாமே வாங்கிப் புதிய கார்களிற் பூட்டி விற்றனர். இன்று உயர்ந்த விலைக்கு விற்கும் புதுச் சக்கரங்களுட் பல, இப்பழைய உருவங்களைப் பெரிய அளவில் திரும்பச் செய்தனவேயாம்.

3. விலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது?

உயர்தரச் சக்கரங்கள் நான்கின் விலை பல ஆயிரம் டாலர் ஆதலுண்டு. அவ்விலை வெறும் பெயருக்கா, அன்றிப் பொருளுக்கா என்று ஆராய்தல் வேண்டும். அலுமினியச் சக்கரங்களைச் செய்முறை பற்றி மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது வார்ப்பு. ஏ356 போன்ற அலுமினியக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்வது இது. செலவு குறைவு, எவ்வகை உருவத்தையும் எளிதிற் பெறலாம். ஆயினும் உலோகம் இறுகும்போது நுண்ணிய துளைகள் உள்ளே தங்குதல் கூடும். அக்குறையை ஈடுசெய்ய உலோகத்தைத் தடிப்பாக வைப்பர். ஆகவே எடை மிகும்.

இரண்டாவது, வார்த்தபின் வெளிவட்டத்தை மட்டும் சூடாக்கிச் சுழற்றி, உருளைகளால் அழுத்தி நீட்டுவது. இதனால் வட்டைப் பகுதி மெல்லியதாகவும் உறுதியுள்ளதாகவும் ஆகும். நடுப்பகுதி வார்ப்பாகவே நிற்கும். விலையும் இடைநிலையினது.

மூன்றாவது ஃபோர்ஜ் செய்த சக்கரம். 6061 என்னும் கலவையின் திண்ணிய கட்டியைப் பல ஆயிரம் டன் வலியுள்ள அழுத்த யந்திரத்தில் இட்டு நெருக்கி, பின்னர் வேண்டிய உருவத்திற்குக் கடைந்தெடுப்பர். கொல்லன் உலையில் அடிபட்ட இரும்பு வார்ப்பிரும்பினும் முறியாத்தன்மை மிக்கிருப்பதுபோல, இவ்வாறு நெருக்குண்ட அலுமினியமும் வலிமை மிகும். கலவையின் பெயரோடு டி6 என்று சேர்த்தெழுதுவர். உயர்ந்த சூட்டில் வைத்து, சடுதியிற் குளிர்வித்து, மீண்டும் மிதமான சூட்டிற் பதப்படுத்தியது என்பது அதன் பொருள்.

எடை குறைவதால் வரும் பயன் யாது? காரின் மேலுடலைச் சுமப்பன வில்கள். சக்கரமோ வில்லுக்குக் கீழே, சாலையின் மேடுபள்ளங்களில் நேரே மோதுண்டு துள்ளுவது. அது கனமாயின் துள்ளியபின் தரைக்குத் திரும்பத் தாமதிக்கும். தரையைத் தொடாத டயருக்கு ஓட்டவும் நிறுத்தவும் வளைக்கவும் வலிமையில்லை. அன்றியும் சக்கரம் முன்னோடுவதோடு சுழலவும் சுழல்கிறது. விளிம்பிலுள்ள ஒரு பவுண்டு எடையை வேகப்படுத்துதற்கு, இருக்கைமேல் வைத்த ஒரு பவுண்டை வேகப்படுத்துவதற்கு வேண்டும் ஆற்றலைப்போல் ஏறக்குறைய இருமடங்கு ஆற்றல் வேண்டும். நேர் இயக்க ஆற்றலும் சுழற்சி இயக்க ஆற்றலும் அங்கே ஒத்த அளவினவாய்க் கூடுதலே இதற்குக் காரணம். மாணவர் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஆயினும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் மெல்ல உலாவச் செல்லும் காருக்கு ஃபோர்ஜ் செய்த சக்கரம் இன்றியமையாததன்று. நல்ல கம்பெனியின் வார்ப்புச் சக்கரமே அதற்குப் போதும். பந்தயக் களத்தில் ஓட்டுவோர்க்கும், கடைகளிற் கிடையாத தனியளவு வேண்டுவோர்க்குமே மிகுந்த விலை பயனுடையதாகும். இவ்வேறுபாட்டை அறியாது விலையையே தரமெனக் கொள்வது பேதைமை.

4. காரின் அளவுகள்

இனி, தேர்தலின் உயிர்நிலையாகிய பகுதிக்கு வருவோம். விளங்குதற்பொருட்டு 1969ஆம் ஆண்டு ஷெவ்ரலே கமாரோவை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது அளவு போல்ட் வட்டம். சக்கரத்தைக் காரோடு பிணைக்கும் திருகாணிகள் ஐந்தும் நிற்கும் வட்டத்தின் விட்டம் இது. நம் கமாரோவில் இது 4¾ அங்குலம், அதாவது 120.65 மில்லிமீட்டர். அக்காலத்து எட்டு சிலிண்டர் மஸ்டாங்கிற்கு 4½ அங்குலம். ஐந்து திருகாணிகளில் ஒன்றுக்கு நேரெதிரே மற்றொன்று நில்லாமையால் விட்டத்தை நேரே அளத்தல் இயலாது. அடுத்தடுத்துள்ள இரண்டு திருகாணிகளின் நடுவிடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து 1.701 ஆற் பெருக்குக. விடையே விட்டம்.

இங்கே ஒரு கண்ணியுண்டு. 2010ஆம் ஆண்டு மாடல் முதல் வந்த புதிய கமாரோக்களின் போல்ட் வட்டம் 120 மில்லிமீட்டர். பெயரும் ஒன்று, கம்பெனியும் ஒன்று, வட்டத்தின் வேறுபாடோ 0.65 மில்லிமீட்டர். புதிய காரின் அழகிய சக்கரத்தைப் பழைய காரில் வைத்துப் பார்த்தால், சற்றே இறுக்கமாயினும் ஏறிவிடும். கண்ணுக்கு ஒரு பிழையும் தோன்றாது. ஆனால் நட்டுகள் தம் இருக்கையில் நடுநிலையாக அமராது ஒருபுறம் சாய்ந்து நெருக்கும், திருகாணிகள் ஒவ்வொரு சுழற்சியிலும் வளைவு விசைக்கு உள்ளாகும், நட்டுகள் தளரும், இறுதியில் திருகாணி முறியவும் கூடும். அதிவேகத்தில் ஓடும் காரின் சக்கரம் கழன்றால், அக்காரிலுள்ளார் மட்டுமன்றி எதிரே வருவாரும் அழிவர். அரை மில்லிமீட்டரை அற்பமென்று எண்ணுதல் எத்துணைத் தீது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது அளவு பின்னளவு. இதனைத் தொழிலாளர் பேக்ஸ்பேசிங் என்பர். சக்கரத்தைக் குப்புறக் கிடத்தி, அதன் உட்புற விளிம்பின் மேல் ஒரு நேர்கோலை வைத்து, அக்கோலிலிருந்து சக்கரம் காரைத் தொடும் முகம்வரை உள்ள ஆழத்தை அளந்தால் வருவது பின்னளவு. அத்தொடுமுகம் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை ஆப்செட் என்பர். சக்கரத்தின் அகலம் என்று சொல்லப்படுவது டயர் அமரும் இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட தூரமே. இருபுற விளிம்புகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 1 அங்குலம் மிகும் என்பதை நினைவிற் கொள்க. 8 அங்குலச் சக்கரத்தின் முழு அகலம் 9 அங்குலம், பாதி 4½. பின்னளவு 4½ ஆயின் ஆப்செட் பூஜ்யம். பின்னளவு 5 ஆயின் ஆப்செட் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதன் பயனை உணர்வோம். 7 அங்குல அகலமும் 4 அங்குலப் பின்னளவும் உள்ள பழைய சக்கரத்தைக் கழற்றி, 8 அங்குலச் சக்கரத்தைப் பூட்டுவதாகக் கொள்வோம். புதியதன் பின்னளவும் 4 ஆயின், மிகுந்த ஓரங்குலம் முழுவதும் வெளிப்புறம் நீளும். டயர் மட்காப்பில் உரசும். பின்னளவு 5 ஆயின், அவ்வோரங்குலம் முழுவதும் உட்புறம் செல்லும். பின்சக்கரம் பட்டை வில்லிலும், முன்சக்கரம் திருப்புத் தண்டு முதலியவற்றிலும் மோதக்கூடும். பின்னளவு 4½ ஆயின் இருபுறமும் அரையங்குலம் பகிரப்படும். ஆகவே, அகலம் ஒன்றையே கேட்டு வாங்குதல் பயனற்றது. அகலமும் பின்னளவும் சேர்ந்தே ஒரு சக்கரம் பொருந்துமா என்பதைக் கூறும்.

உரசுதல் ஒன்றே தீங்கன்று. சக்கரம் மிகவும் வெளியே தள்ளி நிற்குமாயின், சுமை தாங்குமிடம் அச்சின் பேரிங்குகளிலிருந்து விலகி அவற்றைத் தேய்க்கும். பள்ளத்தில் விழும்போதெல்லாம் திருப்புச் சக்கரம் ஓட்டுநர் கையைப் பிடுங்கும்.

ஆகவே காரை அளக்கும் முறையையும் அறிதல் வேண்டும். கார் தன் முழு எடையோடு தரையில் நிற்கும் நிலையிலேயே அளக்க வேண்டும். முன்சக்கரங்களை இருபுறமும் இறுதிவரை திருப்பியும், வில் அமுங்கிய நிலையில் வைத்தும் இடைவெளியை நோக்க வேண்டும். இடப்புறத்தை அளந்துவிட்டு வலப்புறமும் அதுவே என்று கொள்ளுதல் கூடாது. அக்காலத் தொழிற்சாலைகளில் உடலும் அச்சும் இம்மியும் பிசகாது அமைக்கப்பெற்றனவல்ல. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக மோதலும் பழுதுபார்த்தலும் நிகழ்ந்திருக்கும். டிரம்மு பிரேக்கை நீக்கி டிஸ்க் பிரேக்கு வைக்க எண்ணுவோர் அதனை முதலில் முடித்துப் பின்னரே அளக்கக் கடவர்; மாற்றுப் பிரேக்குகளுட் பல சக்கரத்தைச் சற்று வெளியே தள்ளுவன.

5. விட்டமும் டயரும்

புதுச் சக்கரம் வாங்குவோர் பெரும்பாலும் 17 அல்லது 18 அங்குல விட்டத்தை விரும்புவர். இதற்கு நியாயமான காரணங்கள் இரண்டுண்டு. ஒன்று பிரேக்கு. 13 அங்குல டிஸ்க்கைப் பொருத்த வேண்டின், பொதுவாக 17 அங்குலச் சக்கரம் வேண்டும். 15 அங்குலச் சக்கரத்தினுள் அது அடங்காது. மற்றொன்று டயர். 15 அங்குல அளவில் இந்நாளிற் கிடைக்கும் பழைய பாணி டயர்கள் பல, மணிக்கு 180 கிலோமீட்டர் வரைக்கே உரிய எஸ் என்னும் வேகக்குறி உடையன. 17, 18 அங்குல அளவுகளிலோ, 270 கிலோமீட்டருக்குரிய டபிள்யூ குறியுள்ள டயர்கள் எளிதிற் கிடைக்கின்றன.

விட்டம் பெருகினும் டயரோடு சேர்ந்த முழு உயரம் பெரிதும் மாறலாகாது. 235/60ஆர்15 என்னும் டயரை நோக்குவோம். 235 என்பது மில்லிமீட்டரில் அகலம்; 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு அறுபது என்பதைக் குறிக்கும்; 15 என்பது அங்குலத்தில் சக்கரத்தின் விட்டம். பக்கச்சுவர் 141; மேலும் கீழும் சேர்ந்து 282; சக்கரம் 381; ஆக 663 மில்லிமீட்டர். 245/45ஆர்17 டயரை அவ்வாறே கணக்கிட்டால் 652 மில்லிமீட்டர் வரும். வேறுபாடு நூற்றுக்கு இரண்டிற்கும் குறைவு. வேகமானி காட்டும் அளவிற் சிறு பிழையே நேரும். இக்கணக்கைச் செய்யாது பெரிய சக்கரத்தைப் பூட்டினால், வேகமானி பொய் கூறும். சக்கரக் கூடும் நெருங்கும்.

20 அங்குலமும் அதற்கு மேலும் செல்வோரும் உளர். பக்கச்சுவர் மெலிந்துபோதலால், பள்ளத்தின் அடியை டயர் ஏற்காது சக்கரமே ஏற்கும், விளிம்பு வளையும். அன்றியும் இக்கார்களின் உடற்கோடுகள் உயர்ந்த பக்கச்சுவருள்ள டயரை எண்ணி வரையப்பட்டவை. பெருஞ்சக்கரம் அவற்றோடு இசையாது நிற்கிறது என்பது எமது கருத்து.

டயர் வாங்குமிடத்து அதன் வயதையும் நோக்குக. பக்கச்சுவரிலுள்ள குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்களுள் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். பழங்கார்கள் ஓடுவது சிறிது, நிற்பது பெரிது. ஆதலின் பள்ளம் தேயாதிருந்தும் ரப்பர் மூத்துப்போன டயர்கள் இக்கார்களிற் பல. புதுச் சக்கரத்தில் மூத்த டயரை ஏற்றுதல் பொருந்தாச் செயல்.

6. சான்றும் பூட்டுதலும்

சக்கரத்தின் உட்புறத்தில் அது தாங்கக்கூடிய சுமை பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கார் 3,500 பவுண்டு எடையுள்ளதென்றும், அதில் நூற்றுக்கு 55 பங்கு முன்னச்சில் நிற்கிறதென்றும் கொண்டால், ஒவ்வொரு முன்சக்கரமும் ஏறக்குறைய 963 பவுண்டு சுமக்கும். ஏறுவோர் எடையையும் சேர்த்து, அதற்கு மேற்பட்ட சுமைக்குரிய சக்கரத்தையே கொள்க. அமெரிக்காவில் எஸ்.ஏ.இ. என்னும் பொறியாளர் சங்கத்தார் இவ்வகைச் சக்கரங்களுக்கென ஜே2530 என்னும் சோதனை முறையை வகுத்துள்ளனர். சுமையோடு நெடுநேரம் உருட்டுதல், வளைவில் நேரும் வளைப்பு விசைக்குத் திரும்பத் திரும்ப உட்படுத்துதல், விளிம்பில் கனத்தை வீழ்த்தி மோதுவித்தல் என்னும் மூன்றும் அதில் அடங்கும். ஜப்பானியர் ஜே.டபிள்யூ.எல். என்னும் குறியைப் பொறிப்பர். புகழ்பெற்ற உருவத்தைப் போன்றே செய்து, இச்சோதனை எதற்கும் உட்படாது, மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் போலிகள் சந்தையில் உள. உருவத்தைத் திருடுதல் எளிது. உறுதியைத் திருடுதல் இயலாது. ஆதலின் விற்போரிடம் சோதனைச் சான்றைக் கேட்க நாணுதல் வேண்டா.

பூட்டும்போது நட்டின் இருக்கையை நோக்குக. கூம்பு வடிவ இருக்கைக்குக் கூம்பு நட்டும், தட்டையான இருக்கைக்கு வளையம் இட்ட நீண்ட கழுத்து நட்டுமே பொருந்தும். ஒன்றற்கு மற்றொன்றை இடுதல் பெருந்தீங்கு. அலுமினியச் சக்கரத்தின் நடுப்பகுதி எஃகுச் சக்கரத்தினும் தடித்தது. பழைய திருகாணி நீளம் போதாதாகலாம். குறைந்தது திருகாணியின் விட்டத்தளவேனும் நட்டு அதனைப் பற்றுதல் வேண்டும். நம் கமாரோவின் திருகாணி 7/16 அங்குலம். அங்குலத்திற்கு 20 புரி. ஆகவே கையால் முடுக்கும்போது ஒன்பது சுற்றேனும் நட்டு செல்லவேண்டும். செல்லாவிடின் நீண்ட திருகாணிகளை மாற்றிக்கொள்க. பழைய கிரைஸ்லர் வகைக் கார்களில் இடப்புறத் திருகாணிகள் இடப்புரி உடையனவாதலும் நினைவிற்குரியது. அவற்றிற்குரிய நட்டுகளைத் தனியே கேட்டு வாங்குதல் வேண்டும். நட்டுகளை விண்மீன் வடிவ வரிசையில், அளவுகாட்டும் முடுக்கியைக் கொண்டு, செய்தோர் கூறிய அளவிற்கு முடுக்குக. நூறு மைல் ஓடுமுன் மீண்டும் ஒருமுறை சரிபார்க்குக.

7. அழகும் பழமையும்

அளவெல்லாம் ஒத்தபின் அழகைக் கருதலாம்; அப்போது ஆசைக்குத் தடையில்லை. மெருகிட்ட அலுமினியம் பேரழகுடையது. ஆயின் அடிக்கடி தேய்த்துப் பேணாவிடின் மங்கும். குரோமியம் எளிதில் துலங்கும். ஓரிடத்தில் உரிந்தாற் பின் திருத்துதல் அரிது. சாம்பல் நிற வண்ணப் பூச்சு, பந்தயக் காலத்து மரபை நினைவூட்டுவது. சிறு கீறலை மறைப்பது. காரின் குலத்திற்கும் காலத்திற்கும் ஏற்ற உருவத்தைத் தேர்தல் நன்று. ஐந்து ஆரங்கள் இக்கார்களோடு பிறந்தவை. அவற்றை வெறுமையென்று எண்ணி இருபது ஆரங்களைத் தேடுவோர் தம் காரை அறியாதவர்.

இறுதியாக ஒன்று கூறுவோம். சக்கரம் வேண்டும்போது கழற்றத்தக்கது. காரின் உடலோ அங்ஙனமன்று. விரும்பிய சக்கரம் புகவில்லையென்று மட்காப்பின் உள்விளிம்பை அறுத்தும் நெளித்தும் இடஞ்செய்வார் உளர். அறுத்த தகடு மீண்டும் தொழிற்சாலையில் வந்தபடி ஆகாது. வேறு பின்னளவுள்ள சக்கரத்தைச் செய்வித்துக்கொள்ளுதற்கு இன்று வழியிருக்கும்போது, இனிப் பிறவாத உடலை அறுப்பது எற்றுக்கு? கழற்றிய பழைய சக்கரங்களையும் எறிந்துவிடாது துடைத்துப் போற்றிவைக்க வேண்டும். அவற்றிற் பொறித்த காலக்குறிகள் அக்காரின் பிறப்புச் சான்றில் ஒரு பகுதி. பின்வருவோர் அதனைப் பழைய நிலைக்கு மீட்க விரும்பின் அவை இன்றியமையாதன.

ஆகவே முதலிற் பிரேக்கு, அடுத்துக் காரின் அளவு, அதன்பின் சக்கரமும் டயரும், கடைசியில் உருவமும் நிறமும் என இவ்வரிசையிற் செல்வோர் செலவழித்த பொருளுக்குத் தக்க பயன் பெறுவர். கடையின் கண்ணாடிக்குப் பின்னே ஒளிரும் சக்கரத்தைக் கண்டு மயங்கி, அதற்கேற்பக் காரை வருத்துவோர் பணத்தையும் இழப்பர், காரையும் கெடுப்பர், சிற்சில வேளைகளிற் பிறர் உயிர்க்கும் இடையூறு விளைப்பர். அளவுகோலைக் கையிற் கொண்டு காரின் அருகே மண்டியிட்டுக் கழிக்கும் ஒரு மணி நேரமே, இவ்விஷயத்தில் நாம் செய்யக்கூடிய செலவுகளுட் சிறந்த செலவு என்பது எமது துணிபு.